குவைத்துக்குப் போக இருந்த படகு

என் மாமாவுக்கு மறதிக்காரர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் யாராவது குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால், "என்னா, நீயும் படகுக்காரர் மாதிரி ஆயிட்டியா?" என்று கேட்பார்கள். மாமா பக்கத்தில் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அதற்காக அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதானால் அவரைக் கூப்பிடுவார்கள். பழுதாகாத நாட்களில் யாரும் கூப்பிட மாட்டார்கள். செக்ரோலில் அவருக்குப் பேர் கிடையாது, அதாவது நிரந்தர வேலை கிடையாது. அது ஒன்றுதான் அவருக்கும் அத்தைக்கும் இருந்த குறை. மற்றபடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டிவிடக் கூடியவர்கள்.

நான் தரம் மூன்றில் படித்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்பா ஏற்கெனவே கொழும்பில் ஒரு கடையில் நின்றார். தீபாவளிக்கும் தேருக்கும் மட்டுமே வருவார். ஆகவே நானும் என் புத்தகப்பையும் அம்மாவின் பழைய ஸ்வெட்டரும், அதே லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்த மாமா வீட்டுக்குக் குடிபோனோம். அம்மாவை ஏற்றிப் போன வான் வண்டி வளைவில் மறைந்ததும் நான் சாப்பாட்டை நிறுத்தினேன். அத்தை ரொட்டி சுட்டார், முட்டை பொரித்தார், கடையில் கேக் வாங்கிவந்தார், கடைசியில் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மாலை மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பங்களாவுக்குப் புறப்பட்டார்.

காசல்ரீ டேம் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பழைய துரை பங்களாவைக் கொழும்புக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டவர் வந்து தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். அதற்கு ஒரு சிங்கள மெனேஜர் இருந்தார். நாங்கள் அவரை மாத்தயா என்போம். கொட்டகையைத் துப்புரவாக்கும்போது, உடைந்த நாற்காலிகளுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் அடியில் ஒரு பாய்மரப் படகு அகப்பட்டது. எந்தத் துரை எந்தக் காலத்தில் ஓட்டினாரோ தெரியாது. மரம் நன்றாக இருந்தது. மரத்தில் பூட்டியிருந்த எல்லாம்தான் நாசம். பித்தளை பச்சை பிடித்திருந்தது, இரும்பு உப்பிப் பொரிந்திருந்தது, கயிற்றை எலி தின்றிருந்தது.

ஏப்ரல் சீசனுக்கு முன் இதைத் தண்ணீரில் ஓட வைத்தால் மாமாவே படகுக்காரர் என்று மாத்தயா சொல்லியிருந்தார். மாதச் சம்பளம், பங்களாவுக்குப் பின்னால் குவாட்டர்ஸ். இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே குழாய், தனிக் கழிப்பறை. அத்தை அந்தக் குழாயைப் பார்க்காமலே அதன்மீது ஆசை வைத்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தேவையில்லாத விஷயம். நான் படகைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இதுல குவைத்துக்குப் போகலாமா மாமா?"

மாமா என் வயிற்றைப் பார்த்தார். அது காலியாக இருப்பது அவருக்குத் தெரியும்.

"போகலாம் சாமி. ஆனா கடலு பெருசு. ஆணியில இருந்து எல்லாத்தயும் மாத்தணும்."

"மாத்தினா?"

"மாத்தினா, நேரா போயி அம்மாவ ஏத்திக்கிட்டு வந்துர வேண்டியதுதான்."

அன்றிரவு நான் சோறு தின்றேன். ஒரு வாரத்தில் இவள் மறந்துவிடுவாள் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். என்னைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் சொன்ன வார்த்தை அது.

வகுப்பில் ஒருத்தி, டேமில் இருந்து கடலுக்கு வழியே கிடையாது என்றாள். நான் டீச்சரிடம் கேட்டேன். இந்தத் தண்ணீர் ஆறாக இறங்கி, களனி ஆற்றில் சேர்ந்து, கொழும்பில் கடலில் விழுகிறது என்று டீச்சர் சொன்னார். டீச்சரே சாட்சி சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரும்? அன்று முதல் நான் அந்தப் படகு வேலையின் கங்காணி ஆனேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்குப் போய், "இன்னைக்கு என்னா மாத்தினீங்க?" என்று கேட்பேன். ஒன்றும் மாற்றவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பெரிய தோட்டத்துத் துரைகூட மாமாவை அப்படி வேலை வாங்கியிருக்க மாட்டார்.

மாமாவும் சளைக்கவில்லை. பச்சை பிடித்த பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தார். துருவேறிய ஆணிகளைத் துளைத்தெடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத ஆணிகளை முறுக்கினார். முன்பு மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்கிய கம்பி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தக் கம்பிதான் பாய்மரத்தை மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தது, அதன் கப்பிகள்தான் பாயை ஏற்றி இறக்கின. சுக்கானுக்குத் தொழிற்சாலைக் கதவின் பழைய கீல். பாயை அத்தை கூடாரத் துணியில் வெட்டித் தைத்துக் கொடுத்தார். தைக்கும்போதெல்லாம், "குழாய்த் தண்ணியில கை கழுவுறதுக்கு நான் எம்புட்டுப் பாடு படவேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டார்.

பாயின் அடியில் ஒரு குறுக்குக் கட்டை இருந்தது. அது இப்படியும் அப்படியும் ஆடியது. பழசாகிப்போனதால்தான் ஆடுகிறது என்று மாமா முடிவு செய்தார். எங்கள் ஊரில் வேறு எந்த முடிவுக்கும் யாரும் வர முடியாது. லயத்துத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருக்கிறோம். ஆடியில் காற்று அடித்தால் தகரத்தைக் கம்பியால் கட்டிவிட்டு அதன்மேல் இன்னொரு கம்பி கட்டுகிறோம். காற்றில் எது ஆடினாலும் அதைக் கட்டிப்போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். மாமா அந்தக் கட்டைக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து ஆணி முடுக்கினார். அதற்கு மேல் பாயின் கயிற்றை லொறிக்கட்டுப் போட்டு இறுக்கினார். தேயிலை லொறியின் மேல் படங்குத் துணியைக் கட்டுகிற கட்டு அது. முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் கொழும்பு வரைக்கும் அசையாது.

கரையோரத்தில் முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது, காற்று வந்தது, கட்டை அசையவில்லை, பதிலுக்குப் படகு அப்படியே ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் தலையில் பாசியோடு மாமா எழுந்து நின்றார். மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அதில் அத்தையின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி நோர்வூட் கடைத்தெருவில் இறங்கினோம். அங்கே ஹார்ட்வெயார் வைத்திருந்த முஸ்லிம் கடைக்காரரை நானா என்போம். அவர் கற்பிட்டிப் பக்கத்துக்காரர், கடலைப் பார்த்து வளர்ந்தவர். மாமா சொன்னதைக் கேட்டு அவர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது லொறியில்ல மகன். காத்து கூடினா கயித்த உடோணும். உட்டா பாய் படபடக்கும், தோணி தன்ட பாட்டுல நிமிந்துக்கும். கட்டையில உள்ள தகட்ட மொதல்ல கழட்டுங்க."

கழற்றினோம். அந்த இடத்தில் நானா தந்த புதுக் கப்பிகளையும், கயிற்றைப் பிடித்து வைக்க ஒரு சின்னப் பித்தளைக் கொம்பையும் பூட்டினோம். கொம்பில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால் நிற்கும், ஒரு விரலால் தட்டினால் விட்டுவிடும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கொட்டகையில் படகு நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து சுற்றுவதும் தட்டுவதுமாக இருப்பேன். மாமாவும் பழகினார். மார்ச் முடிவதற்குள் இந்தக் கரையில் இருந்து எதிர்க்கரைக் கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். காற்று வரும், விரல் தட்டும், பாய் படபடக்கும், படகு நிமிரும். கரையில் நின்று நான் கைதட்டுவேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மா போன் எடுப்பார். நான் வேலை விபரம் எல்லாம் ஒப்பிப்பேன். கம்பி மாத்தியாச்சு, கீல் மாத்தியாச்சு, இன்னும் கொஞ்சம்தான் அம்மா. முதல் முறை நான் அப்படிச் சொன்னபோது, என்ன படகு என்று அம்மா கேட்டார். பிறகு மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். மாமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் என்னவோ தாழ்ந்த குரலில் பேசினார். அடுத்த வாரத்தில் இருந்து அம்மாவும் சேர்ந்து விசாரிக்க ஆரம்பித்தார். "நல்ல ஆணியா போடச் சொல்லு. அவசரப்பட வேணாம்னு மாமாகிட்ட சொல்லு, என்னா?" என்பார். கூட்டிப்போக ஆள் வருகிறது என்று தெரிந்தும் அம்மா ஏன் அவசரப்படாமல் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

ஏப்ரல் வந்தது. மாத்தயா படகைப் பார்க்க வரும் நாளும் வந்தது. அத்தை அன்று வேலைக்குப் போகவில்லை. கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, குவாட்டர்ஸ் கதவருகே, குடிவந்தவர் மாதிரியே நின்றார். நான் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு புத்தகப்பையோடு போனேன். பைக்குள் புத்தகம் இல்லை. அம்மாவின் ஸ்வெட்டர் இருந்தது, கடலில் குளிரும் அல்லவா? வழிக்கு பிஸ்கட் இருந்தது. அங்கே தேத்தண்ணீர் நன்றாக இல்லை என்று அம்மா சொல்லியிருந்ததால் ஒரு பொட்டலம் தேயிலையும் எடுத்திருந்தேன். பையை நேரே படகுக்குள் வைத்தேன்.

கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். பையைத் திறந்து பார்த்தார்.

"எங்க சாமி?"

"குவைத்துக்கு. எல்லாத்தயும் மாத்தியாச்சுல்ல? இவங்ககிட்ட காட்டிட்டு நாம அப்புடியே போயிரலாம். பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன்."

மாமா கொஞ்ச நேரம் பையை மூடாமலே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை இறங்கி வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்வெட்டரைத் தொட்டார். திரும்பி ஒருமுறை குவாட்டர்ஸ் கதவைப் பார்த்தார்.

"ஒங்க இஷ்டம்ங்க," என்றார். எனக்கு அது கோபமாகக் கேட்கவில்லை. அத்தை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

மாமா பையை என் தோளில் மாட்டிவிட்டார். முதலில் தான் மட்டும் ஒரு சுற்றுப் போய்வருவதாகச் சொல்லிப் படகில் ஏறினார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிற்றோடு ஏதோ செய்துகொண்டிருந்தார். மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஹரித?" சரிதானே என்று கேட்ட பிறகுதான் மாமா படகைக் கரையிலிருந்து தள்ளினார்.

என்ன அழகாகப் போனது தெரியுமா! புதுப் பித்தளை மின்னியது. மாத்தயாகூட, "ஷோக்" என்றார். நடுத் தண்ணீரில் மலை இடுக்கில் இருந்து காற்று இறங்கியது. பாய் உப்பியது. படகு சாய்ந்தது. இப்போது விரல் தட்டும் என்று நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். தட்டவில்லை. "கொம்பு! கொம்ப தட்டுங்க மாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். படகு முதல் நாள் போலவே ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டது.

மாமாவுக்கு நீச்சல் தெரியும். படகும் மரமானதால் மூழ்கவில்லை. பையன்கள் சிலர் போய் இழுத்து வந்தார்கள். மாத்தயா தலையை ஆட்டினார். "மேக்க வெடக் நே," இது வேலைக்காகாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பழைய மரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பிறகு ஆள் அனுப்பினார்.

நான் படகுக்குள் எட்டிப் பார்த்தேன். பித்தளைக் கொம்பு வெறுமனே இருந்தது. கயிறு அதற்குக் கீழே, முறுக்கி இறுக்கி, அசல் லொறிக்கட்டாகக் கட்டிக் கிடந்தது. தண்ணீரில் ஊறி இன்னும் இறுகியிருந்தது. அத்தை உட்கார்ந்து ஓர் ஆணியால் குத்திக் குத்தி அதை அவிழ்த்தார்.

"நானா அம்புட்டுச் சொன்னாங்களே! ஏன் மாமா கட்டினீங்க?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மாமா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். "மறந்துட்டேன் சாமி," என்றார். பிறகு, "பாத்தியா, இந்தத் தண்ணிக்கே இப்புடின்னா கடலுக்குத் தாங்குமா? இன்னும் பெரிய கொண்டியா போடணும்," என்றார்.

"நல்லா மறந்தீங்க," என்று சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே கல்யாணச் சேலைத் தலைப்பால் மாமாவின் தலையைத் துவட்டினார். நான் அன்றே லயம் முழுவதும் போய், எங்கள் மாமாவுக்கு மறதி வியாதி என்று சொல்லி வைத்தேன்.

சீசன் முடிவதற்குள் பங்களாவுக்கு அன்னப் பறவை போன்ற மிதிபடகுகள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஹட்டனில் இருந்து ஒருவர் வந்தார். குவாட்டர்ஸிலும் அவரே குடியேறினார். அந்த வழியாகப் போகும்போது உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டால் அத்தையின் நடை கொஞ்சம் வேகமாகும். நான் அன்னங்களைப் பார்த்து, "இதுல ஏறி குவைத்துக்குப் போவ முடியுமா? சும்மா கழுத்து மட்டும் நீளம்," என்று எகத்தாளம் பேசுவேன். மாமா, "அதானே," என்பார்.

எங்கள் படகு லயத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அதன்பிறகுதான் கூத்து. தொழிற்சாலையில் நின்றுபோன உருளையை ஒரே ராத்திரியில் ஓட வைக்கிற மனிதர், இந்தப் படகில் ஒரு கொண்டியை மாற்ற ஒரு மழைக்காலம் எடுத்துக்கொண்டார். நன்றாக இருந்த கீலைக் கழற்றிவிட்டு இன்னும் நல்ல கீல் போட்டார். பிறகு அதைவிட நல்ல கீல் அகப்பட்டது. கம்பியின் முறுக்கு போதாது என்றார், போன மாதம் போட்ட ஆணி கடல் உப்புக்கு ஆகாது என்றார். நானும் தலையாட்டினேன், உப்பு விஷயத்தில் விளையாட முடியுமா? அத்தை படகுக்குள் விறகு அடுக்கினார், கோழி அடை வைத்தார். "வேல முடிஞ்சா சொல்லுங்க, கோழிய எறக்கி விடுறேன்," என்பார். இரண்டு வருஷமும் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், ஒழுங்காகப் படித்தேன். கடல் வழியில் அம்மா கேட்டால் சொல்ல வேண்டுமே என்று ஆறுகளின் பெயரை எல்லாம் பாடமாக்கினேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் வான் நின்றது. அம்மா இறங்கி நின்றார். மெலிந்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார். நான் கிட்டப் போகவில்லை.

"ஏன் வந்தீங்க? நாங்க வரத்தானே இருந்தோம்! மாமா இன்னும் ஒரே ஒரு கொண்டிதான் மாத்தணும்னு சொன்னாரு!" என்று கத்திவிட்டுப் படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவர் மேல் புது சவுக்கார வாசனை அடித்தது. அதற்குள்ளே கொஞ்சம் தேடினால் பழைய அம்மா வாசனையும் இருந்தது. அதன்பிறகுதான் என் கோபம் இறங்கியது.

மறுநாளே படகு தயார் என்று மாமா சொல்லிவிட்டார். அந்த ஒரு கொண்டியை எப்போது மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. அத்தை கோழியை இறக்கினார். மாமாவும் அம்மாவும் நானும் ஏறினோம். மலை இடுக்கில் இருந்து காற்று இறங்கியது. படகு சாய்ந்தது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். மாமா எங்கேயோ பார்த்தபடி ஒரு விரலால் கொம்பைத் தட்டினார். பாய் படபடத்தது. படகு நிமிர்ந்து, எதிர்க்கரைக் கோயிலைப் பார்த்து ஓடியது.

எனக்குத் தாங்க முடியவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன்.

"இதையே அன்னைக்கும் செஞ்சிருந்தா நான் ஒங்கள அப்பவே கூட்டிட்டு வந்திருப்பேன். பேக்கெல்லாம் கட்டிட்டேன்மா. மாமாவுக்கு அம்புட்டு மறதி. கொம்பு கைகிட்டயே இருக்கு. அத வுட்டுட்டு கீழ லொறிக்கட்டு போட்டு வச்சிருக்காரு. முழங்கால ஊனி, ரெண்டு கையாலயும் இழுத்துப் போடுற கட்டும்மா அது. அதையே மறந்து போட்டிருக்காரு! வேலயும் போச்சு, அத்தைக்குக் குழாயும் போச்சு."

அம்மா மாமாவைப் பார்த்தார். "தம்பி," என்றார். மாமா பாயின் உச்சியில் ஏதோ பழுது இருப்பதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. காற்று பலமாக அடிப்பதால்தான் அப்படி என்று நினைத்து, கயிற்றை இன்னும் கொஞ்சம் விடும்படி மாமாவிடம் சொன்னேன். மறந்துவிடப் போகிறாரே என்று இரண்டாவது முறையும் சொன்னேன்.